முன்பல் இல்லாத ரோலண்ட்

"இந்தப் பையனுக்குப் போன ஜனவரியிலயே பாஸ்போர்ட் குடுத்தாச்சு. மறுபடி எதுக்கு? ஒண்ண வெச்சுக்கிட்டு இன்னொண்ண விக்கவா?"

கேட்டவர் சிங்கப்பூரில் பாஸ்போர்ட் கொடுக்கும் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. கேட்கப்பட்டவர் ரபேல். குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் விரல் நகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற ஜெயபாலனுக்கு இருவரையுமே பிடிக்கவில்லை. யாரையும் பிடிக்காமல் போவது அவனுக்குப் புதிதல்ல. ஜோகூர் பாருவில் ஒரு சலவைக்கடையின் மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அந்தப் படியேறி வந்தவர்களில் மரியாதைக்குரியவர் என்று அவன் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஒரு தபால்காரர். அவரும் விலாசம் தவறி வந்தவர்.

அவனை இப்போது வேலைக்கு அமர்த்தியிருந்த ரபேல் காரைக்காலில் பிறந்த தமிழர். அவருடைய தாத்தா பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் குடும்பமே பிரெஞ்சுப் பிரஜை. சைகோன் துறைமுகச் சுங்கத்தில் வேலை. ஆகஸ்ட் மாத வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டு, வியர்வை ஒழுக, "முசே" என்று ஆளைக் கூப்பிடுகிற மனிதரை ஜெயபாலன் எப்படி மதிப்பான்? ஒரு வாரமாக மனசுக்குள் அவரைக் 'கோட்டுக்காரன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

விஷயம் சுலபமானது; கெடுத்தது காகிதம். சிகாமட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்த ரபேல், அங்கே அந்தோணியம்மாள் என்ற விதவையைக் கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு முதல் கணவன் மூலம் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இன்பராணிக்குப் பதின்மூன்று வயது, ரோலண்டுக்குப் பதினொன்று. இருவரையும் ரபேல் நோட்டரி முன்னால் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பிரஜை ஆக்கும் காகிதம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரை, சிங்கப்பூரில் பிறந்த அந்தப் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில்தான் கப்பல் ஏற வேண்டும். இன்பராணியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ரோலண்டுடையது இந்த மேஜையில் வந்து நின்றுபோயிற்று. சைகோன் கப்பல் சனிக்கிழமை. அத்தோடு ரபேலின் லீவும் முடிகிறது. மகன் இல்லாமல் கப்பல் படியில் கால் வைக்க மாட்டேன் என்று அந்தோணியம்மாள் சொல்லிவிட்டாள்.

இன்றைக்குச் செவ்வாய்.

"என் மகனுக்கு நான் இப்பத்தான் முதல் தடவை மனுப் போடறேன், முசே," என்றார் ரபேல்.

"உங்க மகனா? காகிதத்துல அப்பன் பேரு ஆரோக்கியம்னு இருக்கு. ஆரோக்கியம் செத்து நாலு வருஷம். நீங்க யாரு நடுவுல?" குமாஸ்தா ஒரு கோப்பை எடுத்து மேஜைமேல் வீசினார். "பாத்துக்குங்க. அதே பேரு, அதே பிறந்த சர்டிபிகேட் நம்பரு. போட்டோவும் இருக்கு. இது உங்க பையன்தானே?"

கோப்பிலிருந்து ஒரு சிறுவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். ரபேல் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். முகம் ஏறக்குறைய ரோலண்டின் முகம். காதுகூட அதே காது. மேல் விளிம்பு உள்ளே மடங்கி, கடித்து வைத்த அப்பம் மாதிரி.

"ஆளு கடத்தற கேசு," என்றார் குமாஸ்தா. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். இது யாரு, உங்ககிட்ட இருக்கறது யாருன்னு நிரூபிங்க. இல்லேன்னா போலீசுக்கு எழுதிடுவேன்."

ஜெயபாலனின் உதவியாளர் ஐயாசாமி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வயது ஐம்பது. ஜெயபாலனைவிடப் பதினாறு வயது மூத்தவர். முன்னாள் போலீஸ்காரர். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் குதிரையிலிருந்து விழுந்தபோது சல்யூட்டை விடாமலே சிரித்ததற்காக வேலையை இழந்தவர். அவர் மெதுவாக வந்து போட்டோவை எட்டிப் பார்த்தார்.

"துவான், இந்தப் பையனுக்கு என்ன வயசு?"

"சர்டிபிகேட்படி போட்டோ எடுக்கறப்போ பத்து வயசு பத்து மாசம்," என்றார் குமாஸ்தா.

"முன்பல்லு ரெண்டையும் காணோமே?"

"விழுந்திருக்கும்."

"எங்க வீட்டுல ஏழு உருப்படி, துவான். முன்பல்லு விழறது ஆறு ஏழு வயசுல. பதினொண்ணுல கடவாப்பல்லுதான் ஆடும்."

"அடிபட்டு விழுந்திருக்கும்!"

ஜெயபாலன் கோப்பைத் தன் பக்கம் திருப்பினான். "அடிபட்டு விழுந்த எடத்துல புதுப்பல்லு அரிசி மாதிரி எட்டிப் பாக்குமா? இதப் பாத்துட்டுத்தானே முத்திரை குத்தினீங்க? பையன் நல்லாச் சிரிச்சிருக்கான். உங்களப் பாத்துத்தான் சிரிக்கிறான்."

குமாஸ்தாவின் பார்வை முதல் தடவையாக நகத்தை விட்டு நகர்ந்தது. அந்த இடைவெளியில் ஜெயபாலன் மனுவின் அடியில் இருந்த கையெழுத்தைப் படித்துவிட்டான்: காப்பாளர், ஜோசப் தங்கராஜு, பெரிய கிராணி, பாலோ.

அன்று மாலை ஜோகூர் பாருவில், ரபேல் தற்காலிகமாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், அந்தப் பெயரை அந்தோணியம்மாளிடம் சொன்னார்கள். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவரு என் மொத வீட்டுக்காரரோட அண்ணன். பாலோ ரப்பர் எஸ்டேட்டுல பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கெல்லாம் அவரு கையிலதான்."

"சர்டிபிகேட் அவர் கைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டான் ஜெயபாலன்.

"இவனோட அப்பா செத்தப்போ..." என்று ரோலண்டைப் பார்த்தாள். "எழவுக்கு வந்தவரு பெட்டியக் கொடைஞ்சுக்கிட்டிருந்தாரு. தம்பியோட ஞாபகமா ஏதாச்சும் எடுத்துக்கறாருன்னு விட்டுட்டேன். அப்புறம் தேடிப் பாத்துக் கெடைக்காமத்தான் இப்ப மனுவுக்கு நகல் வாங்கினோம்."

"ஞாபகார்த்தம்! நாளைக்கே பாலோ போறோம். பையனையும் கூட்டிட்டுப் போனா நல்லது. ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்திக் காட்டிடலாம்."

"வேணாம்." உடனே வந்தது பதில். "நீங்க போங்க. காகிதம் கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, ரோலண்ட மட்டும் அங்க கூட்டிட்டுப் போகாதீங்க."

பயந்த பொம்பளை என்று ஜெயபாலன் முடிவு கட்டினான். ரோலண்ட் அறை மூலையில் உட்கார்ந்து, ரபேல் எழுதிக் கொடுத்த பிரெஞ்சு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் படித்துக்கொண்டிருந்தான். "போன்ழூர். மெர்சி. மோன் பேர்." தலையைத் தூக்கி, "மோன் பேர்னா என்னா தெரியுமா சார்? எங்க அப்பான்னு அர்த்தம்," என்றான். பல் வரிசை முழுசாக இருந்தது.

புதன்கிழமை காலை ரயிலில் கிளம்பி, மத்தியானத்துக்கு முன்பே ஜெயபாலனும் ஐயாசாமியும் பாலோவில் இறங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட் வரை மாட்டுவண்டி. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் முடிவில்லாமல் வரிசையாக நின்றன.

"தம்பி, என்ன சொல்லிக்கிட்டு உள்ள நுழையப் போறோம்?" என்றார் ஐயாசாமி.

"பத்திரிகைக்காரங்க. ஜோகூர்த் தமிழ்ப் பிரமுகர்கள் பத்தி எழுத வந்திருக்கோம்."

"நம்புவாரா?"

"தன்னைப் பிரமுகர்னு சொன்னா நம்பாத கிராணி இன்னும் பிறக்கலை, அண்ணே."

தங்கராஜு நம்பினார். சும்மா நம்பவில்லை, வாசலுக்கே வந்து நம்பினார். ஐம்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. காதின் மேல் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. பெரியப்பனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே காது இருப்பதில் என்ன அதிசயம் என்று ஜெயபாலன் அதை ஒதுக்கிவிட்டான்.

கிராணி வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பீங்கான் தேநீர்க் கோப்பைகள், ஒரு வெள்ளைக்கார மானேஜரின் போட்டோ, நடுவில் சின்ன மரச் சட்டத்தின்மேல் சாய்த்து வைத்த நீல நிறப் பாஸ்போர்ட். தேடி வந்த திருட்டுச் சாமானைத் திருடனே பூஜை அறைச் சாமி மாதிரி அலங்கரித்து வைத்திருந்தான்.

"தம்பி, பூட்டக்கூட ஒடைக்க வேணாம் போலிருக்கே," என்று ஐயாசாமி முணுமுணுத்தார்.

"அது என்னங்க, ஐயா?" என்றான் ஜெயபாலன் மிகப் பணிவாக.

"அதக் கேளுங்க! மொதல்ல அத எழுதுங்க." தங்கராஜு அலமாரியைத் திறந்தார். "என் மகனோட பாஸ்போர்ட். பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. இந்த வட்டாரத்துல எந்தக் கிராணி மகனுக்கு இருக்கு? எல்லாப் பயலும் ஜோகூர்ல பொறந்தவன், சுல்தான் பிரஜை. இவன் அப்படி இல்ல. நாளைக்குச் சிங்கப்பூர்ல கவர்மெண்டு வேலை, லண்டன்ல படிப்பு, எந்தக் கதவும் தொறக்கும்."

"சுல்தான் பிரஜைன்னா கௌரவக் குறைச்சலா, ஐயா? அவரு ஊருலதானே சோறு திங்கிறோம்?" என்றார் ஐயாசாமி.

"சோறு வேற, அந்தஸ்து வேற."

கொல்லைப்பக்கமிருந்து ஒரு சிறுவன் ஓடிவந்து நின்றான். குமாஸ்தாவின் கோப்பில் பார்த்த அதே சிரிப்பு. முன்பல் இப்போது பாதி முளைத்திருந்தது.

"தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டான் ஜெயபாலன்.

"பதினொண்ணு," என்றார் அப்பா.

"ஏழரை," என்றான் மகன்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. ஐயாசாமி சிறுவனிடம், "நீ சொல்றதுதான் சரி, கண்ணு. கணக்குல உங்கப்பா கொஞ்சம் மட்டம்," என்றார். தங்கராஜு மகனை உள்ளே போகச் சொன்னார். அவன் போனதும் ஜெயபாலன் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். பணிவு போன இடம் தெரியவில்லை.

"நான் பத்திரிகைக்காரன் இல்ல. உங்க தம்பி சம்சாரம் அந்தோணியம்மாளுக்காக வந்திருக்கேன். இந்தப் பையன் பேரு ரோலண்ட் இல்ல. எழவு வீட்டுல, தம்பி பொணம் கெடக்கறப்போ, தம்பி மகனோட பிறந்த சர்டிபிகேட்டைத் திருடிட்டு வந்திருக்கீங்க. ஒரு புத்தகத்துல 'பிரிட்டிஷ்'னு அச்சடிச்சு அலமாரில வைக்கறதுக்காக. உயிரோட இருக்கற ஒரு பையன், சொந்தப் பேருல கப்பலேற முடியாம அங்க நிக்கறான்."

தங்கராஜுவின் முகம் கறுத்தது. அவமானத்தால் அல்ல, கோபத்தால். அந்த மாதிரி ஆட்களுக்கு அவமானம் வருவதற்குள் கோபம் வந்துவிடும்.

"எவன்யா உயிரோட இருக்கறவன்? ரோலண்டு நாப்பதாம் நாளே செத்தவன்! சிங்கப்பூர்ல பொறந்து, இங்க கொண்டாந்து, ஜன்னி வந்து போய்ச் சேந்தவன். குழி வெட்ட நான்தான் ஆள் அனுப்பினேன். செத்தவன் காகிதத்த எடுத்தா யாருக்குய்யா நஷ்டம்?"



"அலமாக்!" என்றார் ஐயாசாமி. "அப்போ ஜோகூர் பாருவுல உக்காந்து பிரெஞ்சு படிக்கிறது யாரு, பேயா?"

தங்கராஜு வாயைத் திறந்தார். சொன்ன வார்த்தை எங்கே போய் நிற்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஜெயபாலன் பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பார்த்தான். ரோலண்ட் பிறந்தது 1925, மார்ச் எட்டு. நாற்பதாம் நாள் என்றால் ஏப்ரல் நடுவில். அவன் கண் சுவருக்குப் போனது. அங்கே மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். கிராணியின் மூத்த மனைவி. படத்துக்கடியில் அழகான எழுத்தில் எழுதியிருந்தது: கர்த்தருக்குள் நித்திரை அடைந்தது 19-4-1925. வந்ததிலிருந்து அந்தப் படத்துக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான். எதிரே உட்கார்ந்துகொண்டு, காதைப் பார்த்தும் ஒதுக்கியிருந்தான். 'பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க' என்று அவள் கெஞ்சியதைப் பயம் என்று வேறு பெயர் வைத்திருந்தான். ஊரில் எல்லாரையும் முட்டாள் என்று சொல்கிறவனுக்கு இன்றைக்கு அந்தப் பட்டம் தனக்கே பொருத்தமாகப் பட்டது.

"உங்க மூத்த சம்சாரம் எப்படி இறந்தாங்க?" என்று கேட்டான்.

தங்கராஜு படத்தின் பக்கம் திரும்பாமல் சாவிக்கொத்தைத் திருகினார்.

"பிரசவத்துல. இல்லையா? பிள்ளை செத்துப்போகலை. அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் தம்பி வீட்டுல குழந்தை செத்திருக்கு. உங்க தம்பி சம்சாரத்துக்குப் பால் கட்டி நின்னிருக்கும். உங்க பிள்ளையத் தூக்கி அவங்க கையில குடுத்துட்டீங்க."

"தாயத் தின்னுட்டுப் பொறந்தது," என்றார் தங்கராஜு. குரலில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "அது மொகத்துலயே நான் முழிக்கல. எங்கயாச்சும் கொண்டு போன்னு சொன்னேன். அவ எடுத்துக்கிட்டா. தன் பிள்ளை பேரையே வெச்சுக்கிட்டா. நான் போன்னு சொன்னது போச்சு. அவ்வளவுதான்."

"பதினோரு வருஷத்துல ஒரு தடவயாச்சும் அவனப் பாக்கன்னு போனீங்களா?"

"எதுக்கு?"

ஐயாசாமி தலையில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

தங்கராஜு எழுந்து நின்றார். கிராணி வேலையில் முப்பது வருஷம் பழகிய மூளை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு. நீங்களே சொல்லிட்டீங்க, அவன் என் பிள்ளை. என் ரத்தம். என் சம்மதம் இல்லாம எவனோ பிரெஞ்சுக்காரன் சுவீகாரம் எடுத்துட முடியுமா? அந்த நோட்டரி காகிதம் செல்லாது. நான் கோர்ட்டுக்குப் போவேன். பையன இங்க கூட்டிட்டு வருவேன். நீங்க அந்தப் பாஸ்போர்ட்ட வெச்சிட்டு வெளிய போனா, நானும் பேசாம இருந்துடறேன்."

மோசமான ஆள், ஆனால் சொன்னது சட்டத்தில் நிற்கும். காகிதத்தைத் தேடி வந்த இடத்தில் பையனையே இழக்கும் நிலை. ஜெயபாலன் பாஸ்போர்ட்டை மூடி மடிமேல் வைத்தான்.

"போங்க. கோர்ட்டுல ஏறி நின்னு என்ன சொல்லுவீங்க? 'அவன் ரோலண்ட் இல்ல, என் மகன்'னு சொல்லணும். உடனே அந்த ஜட்ஜு கேப்பாரு, அப்போ இந்தப் பாஸ்போர்ட்டுல இருக்கற ரோலண்ட் யாருன்னு. செத்த குழந்தை பேருல பொய் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்ட காப்பாளர் யாருன்னு. அந்தப் பையனக் கேட்ட வாயாலயே ஜெயிலையும் கேட்டு வாங்கிக்கணும். எஸ்டேட்டுல உங்க நாற்காலில அடுத்த வாரமே வேற கிராணி உக்காருவான்."

"சின்னப் பையன் வயச வேற எங்ககிட்ட உண்மையா சொல்லிட்டான்," என்றார் ஐயாசாமி. "சாட்சி சொல்லக் கூப்பிட்டா, ஏழரைன்னுதான் சொல்லுவான். நல்ல பையன். உங்ககிட்ட எதுவும் கத்துக்கல போலிருக்கு."

தங்கராஜு உட்கார்ந்தார். சட்டையில் போட்டிருந்த கஞ்சி மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது.

"என்ன வேணும்?"

"அந்தப் பிள்ளை பொறந்தத எங்கயாச்சும் பதிஞ்சீங்களா?"

பதிந்திருந்தார். தன் விருப்பத்தால் அல்ல. தாய் பிரசவத்தில் இறந்ததால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் விடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எழுத வைத்திருக்கிறார். பிஸ்கட் டின்னின் அடியிலிருந்து அந்தத் தாள் வந்தது. ஆண் குழந்தை. பாலோ, ஜோகூர். 19-4-1925. தகப்பன், ஜோசப் தங்கராஜு. பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

"பேரு?" என்றான் ஜெயபாலன்.

"வெக்கல."

மறுநாள் காலை அவரை ரயிலில் ஏற்றிக் குளுவாங் கோர்ட்டுக்கு அழைத்துப்போய், மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியப் பிரமாணம் எழுத வைத்தார்கள். இன்ன பிள்ளையின் தகப்பன் நான். பிறந்த அன்றே தம்பி மனைவியிடம் ஒப்படைத்தேன். அந்தோணியம்மாளும் அவள் கணவர் ரபேலும் சுவீகாரம் எடுக்கப் பூரண சம்மதம். எழுதி முடிக்கும்வரை தங்கராஜு ஒரு தடவைகூடப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பும் கடிதத்தையும் தன் கையாலேயே எழுதினார். நானே தபாலில் சேர்க்கிறேன் என்றார். ஐயாசாமி அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எதுக்கு சிரமம், மற்றவங்க காகிதத்தச் சுமக்கறது உங்களுக்குப் பழக்கம்தான், ஆனா ஓய்வு வேணுமில்ல?" என்றார்.

வியாழக்கிழமை மாலை ஜோகூர் பாரு வீட்டில் பெட்டிகள் கட்டி முடித்து நின்றன. ஜெயபாலன் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தான். வழியெல்லாம் அவன் யோசித்து வந்தது ஒன்றைத்தான். இந்தக் கோட்டுக்காரன் இனி என்ன செய்வான்? மனைவியின் பிள்ளை என்று நம்பிச் சுவீகாரம் எடுத்தான். இப்போது அவளுக்கும் பிறக்காத பிள்ளை. பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்க இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்?

அந்தோணியம்மாள் தாளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அவளே சொன்னாள். நின்றுகொண்டே, ரபேலின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரோலண்ட நான் பெக்கலீங்க. என் பிள்ளை செத்த மூணாம் நாள், ஒரு சாக்குத்துணில சுத்தி இவனக் கொண்டாந்து குடுத்தாங்க. அழுதுக்கிட்டிருந்தான். நானும் அழுதுக்கிட்டிருந்தேன். மார்ல போட்டதும் ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். மொத வீட்டுக்காரரும் சாகற வரைக்கும் இத யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் மறைச்சிட்டேன். சொன்னா கொண்டுபோயிருவாங்களோன்னு பயம்."

ரபேல் இரண்டு தாள்களையும் நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு முத்திரையையும், ஒவ்வொரு தேதியையும், சுங்க ஆபீசில் சரக்குச் சீட்டைப் படிக்கிற மாதிரியே படித்தார். ஜெயபாலனுக்குப் பொறுமை போயிற்று. பிறகு ரபேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நீயும் நானும் ஒண்ணுதான்," என்றார் மனைவியிடம். "நீயும் பெக்கல. நானும் பெக்கல. உனக்குப் பதினோரு வருஷம் அனுபவம் கூட, அவ்வளவுதான்." ஜெயபாலனைத் திரும்பிப் பார்த்தார். "முசே, இந்தத் தாள்ல பேரு இல்லையே. பாஸ்போர்ட் மனுல என்னன்னு எழுதறது?"

"நீங்களே எழுதலாம். அப்பாவும் அம்மாவும் வெக்கிற பேருதான்."

"அவனையே கேட்டுடலாம். பதினோரு வயசு ஆச்சே."

பையன் அடுத்த அறையில் அக்காவுடன் இருந்தான். அந்தோணியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே முதலில் பேச்சு கேட்டது, பிறகு இன்பராணியின் அழுகை. கதவு திறந்தபோது ரோலண்டின் கண்கள் சிவந்திருந்தன. நேராக மேஜைக்கு வந்து ரபேலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"பேரு என்ன போடட்டும்பா?" என்று ரபேல் பேனாவைத் திறந்தார்.

"ரோலண்டுன்னே போடுங்க." பையன் கொஞ்சம் யோசித்தான். "அது அந்த அண்ணனோட பேராம். நாப்பது நாள்தான் வெச்சிருந்தானாம். நான் பதினோரு வருஷமா வெச்சிருக்கேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் இல்ல?"

"சொல்ல மாட்டான்யா," என்றாள் அந்தோணியம்மாள்.

ரபேல் எழுதினார். ஜெயபாலன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி," என்றார் ஐயாசாமி பின்னாலிருந்து, "அங்க ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுச் செவுருதான்."

ஜோகூரில் பிறந்தவன் என்று குறித்த பாஸ்போர்ட் வெள்ளிக்கிழமை மாலை ஜோகூர் பாருவிலேயே கைக்கு வந்தது. அன்று மத்தியானமே ஜெயபாலன் சிங்கப்பூர் போய், திருட்டுப் பாஸ்போர்ட்டையும் கிராணியின் கடிதத்தையும் தலைமைக் குமாஸ்தாவின் மேஜைமேல் வைத்திருந்தான். குமாஸ்தா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ இந்த ரோலண்டு யாரு? இவனுக்கு இப்ப என்ன செய்யணும்?"

"நாப்பது நாள் குழந்தை. பாலோவுல மண்ணுக்குள்ள இருக்கான். அவன் எங்கயும் போகப்போறதில்ல. ரத்துன்னு எழுதி மூடுங்க. அடுத்த தடவை யாராவது போட்டோ குடுத்தா, பல்ல எண்ணிட்டு முத்திரை குத்துங்க."

சனிக்கிழமை காலை, துறைமுகத்தில் கப்பல் படிக்குக் கீழே ஒரு மலாய்க்காரப் போலீஸ் அதிகாரி காகிதங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தோணியம்மாளும் இன்பராணியும் ஏறிவிட்டார்கள். ரபேல் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டிக்காகக் கூலிக்காரரோடு பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கூலிக்காரர் ஹொக்கியன் சீனத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி ரோலண்டின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கூடவே இருந்த சம்மதக் கடிதத்தைப் பார்த்தார். அதில் தகப்பன் என்று ஒரு பெயர், சுவீகாரக் காகிதத்தில் தகப்பன் என்று இன்னொரு பெயர். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பையனைக் கேட்டார்.

"பாப்பா மானா?" உன் அப்பா எங்கே?

ரோலண்ட் கொஞ்சமும் யோசிக்கவில்லை. திரும்பி, டிரங்குப் பெட்டியின் ஒரு முனையைத் தானே தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வியர்வையோடு வந்துகொண்டிருந்தவரைக் கையை நீட்டிக் காட்டினான். பிறகு ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.